மாதம் 1,700 ரூபாயில் கார் மாடிஃபிகேஷன்: தேயும்போது மாற்றுங்கள்

கார் மாடிஃபிகேஷன் என்றாலே லட்சக்கணக்கில் பணம் வேண்டும் என்று நினைத்து, ஆசையை மூட்டை கட்டி வைத்தவர்கள் நிறையப் பேர். கிரெடிட் கார்டைத் தேய்த்து ஒரே மாதத்தில் அலாய், எக்ஸாஸ்ட், ஸ்பீக்கர் எல்லாம் மாட்டிவிட்டு, இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டிய மாதத்தில் திண்டாடுபவர்களும் உண்டு. சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்குத் தோதான வழி வேறு. வண்டியில் ஒரு பாகம் தேய்ந்து, எப்படியும் மாற்றியாக வேண்டும் என்ற நிலை வரும்வரை காத்திருங்கள். மாற்றும்போது பழைய தரத்துக்குப் பதில் ஒரு படி மேலானதைப் போடுங்கள். அப்போது அதன் முழு விலையும் ஆசைக் கணக்கில் ஏறாது, வித்தியாசம் மட்டும்தான் ஏறும்.

2011 முதல் 2018 தொடக்கம் வரை விற்ற இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட்டை வைத்தே எல்லாக் கணக்கையும் சொல்கிறேன். செகண்ட் ஹேண்டில் எளிதாகக் கிடைக்கும், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் தெரிந்த வண்டி. விலைகள் எல்லாம் தோராயம்தான், ஊருக்கும் கடைக்கும் தகுந்து ஏறும், இறங்கும்.

முதலில் சம்பளக் கணக்கு

சென்னையில் கைக்கு 55,000 ரூபாய் வருகிறது என்று வையுங்கள். வாடகை 13,000. மளிகை, காய்கறி, சாப்பாடு 10,000. கார் ஈஎம்ஐ 9,500. ஊருக்கு அனுப்புவது 5,000. கரண்ட், போன், இதர செலவு 2,500. சேமிப்பு 4,000. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் வீதம் பெட்ரோலுக்கு சுமார் 6,300. இதுவரை 50,300 ஆகிறது.

அடுத்து பலரும் விட்டுவிடும் ஒரு தொகை: வண்டியின் பராமரிப்புக்கு மாதம் 2,500. ஆண்டுக்கு 30,000 சேரும். அதில் இன்ஷூரன்ஸும் சர்வீஸும் போக மிச்சம் டயர், பேட்டரி, பிரேக் பேட் ஆகியவற்றுக்காகச் சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இதைத் தொடவே கூடாது. இதையும் கழித்தால் கையில் நிற்பது 2,200. அதில் 1,700 ரூபாயை ஆசைக்கென்று ஒதுக்கலாம். ஆண்டுக்கு 20,400.

இரண்டையும் ஒரே வங்கிக் கணக்கில் போட்டு மனக்கணக்கு வைத்தால் மூன்றாவது மாதமே கலந்துவிடும். ஆசைப் பணத்தைத் தனி ஆர்டியில் (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் வங்கிச் சேமிப்பு) போடுங்கள். சம்பளம் ஏறிய அன்றே அது பிடித்தமாகும்படி தேதி வையுங்கள். தீபாவளி போனஸ் வந்தால் முதலில் பராமரிப்புக் கணக்கில் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள், அதை நிரப்பியது போக மிச்சம் ஆசைக்கு. சீட்டுப் போடுபவர்கள் கடைசி மாதங்களில் எடுப்பதாக இருந்தால் மட்டும் போடுங்கள். அவசரத்துக்கு முதலிலேயே தள்ளி எடுத்தால், அந்தத் தள்ளுத் தொகைதான் நீங்கள் கட்டும் வட்டி.

கிரெடிட் கார்டில் மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்றால், 30,000 ரூபாய் பாக்கிக்கு முதல் மாத வட்டியே 1,050. ஆசைக்கு ஒதுக்கிய 1,700-இல் பாதிக்கும் மேல் வட்டிக்கே போய்விடும். பாகம் வாங்கக் கடன் வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

டயரும் ரிம்மும்

தேயும்போது மாற்றும் வழிக்கு டயரைவிட நல்ல இடம் இல்லை. கீழ் வேரியன்ட் ஸ்விஃப்ட்டில் வருவது 165/80 ஆர்14, அதாவது அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 இன்ச். மேல் வேரியன்ட்டில் வருவது 185/65 ஆர்15. முதலாவதின் மொத்த விட்டம் 619.6 மில்லிமீட்டர், இரண்டாவது 621.5. வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. ஸ்பீடோமீட்டர் பிசகாது, வீல் ஆர்ச்சில் உரசாது. கம்பெனியே அதே பாடிக்குக் கொடுத்த சைஸ் என்பதால் வாரண்டி, இன்ஷூரன்ஸ் இரண்டிலும் வாதிட இடம் குறைவு.

கணக்கைப் பாருங்கள். பழைய 14 இன்ச் டயர் நாலும் தேய்ந்துவிட்டன. அதே சைஸில் புதிது நாலு வாங்கினால் ஒன்று 4,300 வீதம் 17,200, இது பராமரிப்புக் கணக்கிலிருந்து எப்படியும் போக வேண்டிய பணம். அதற்குப் பதில் 15 இன்ச் டயர் நாலு, ஒன்று 5,500 வீதம் 22,000. மேல் வேரியன்ட்டிலிருந்து கழற்றிய கம்பெனி அலாய் நாலு 15,000. உங்கள் ஸ்டீல் ரிம்மை விற்றால் ஒரு 3,000 வரும். ஆக ஆசைக் கணக்கில் ஏறுவது 16,800. பத்து மாத ஆர்டி. இதையே பத்தாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும்போது செய்தால், ஆயுள் மீதியுள்ள டயர்களைச் சொற்ப விலைக்குத் தள்ளிவிட வேண்டும். புது டயரின் முழு விலையும் ஆசைத் தலையில் விழும்.

பழைய அலாய் வாங்கும்போது ரிம்மைத் தரையில் உருட்டிப் பார்ப்பது போதாது. டயர் கடையில் பேலன்ஸிங் மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டு, உள் பக்க விளிம்பைப் பாருங்கள். பள்ளத்தில் அடிபட்ட ரிம் பெரும்பாலும் உள் விளிம்பில்தான் வளைந்திருக்கும், வெளியே நின்று பார்த்தால் தெரியாது. வெல்டிங் தடம் இருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ஸ்விஃப்ட்டுக்கு நாலு போல்ட், பிசிடி (போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம்) 100, நடு ஓட்டை 54.1 மில்லிமீட்டர். வெளி மார்க்கெட் அலாயில் நடு ஓட்டை பெரிதாக இருக்கும். அந்த இடைவெளியை நிரப்பும் சரியான ஹப் ரிங் என்ற வளையத்தைப் போடாமல் மாட்டினால், எத்தனை முறை பேலன்ஸிங் செய்தாலும் 80, 90 வேகத்தில் ஸ்டீயரிங் ஆடிக்கொண்டே இருக்கும். ரிம்மின் பின்புறம் பொறித்திருக்கும் ஆஃப்செட் எண்ணைக் கம்பெனி ரிம்முடன் ஒப்பிடுங்கள். அந்த எண் மிகவும் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், வீல் பேரிங் சீக்கிரம் போகும்.

வீல் நட், ரிம்மில் அது உட்காரும் இடத்துக்கு ஏற்ற சரிவு உள்ளதாக இருக்க வேண்டும். கடைப் பையன் ஏர் கன்னால் இறுக்கியதை அப்படியே விடாதீர்கள். மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள், நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணையும் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் தயாரானது. தள்ளுபடியில் தரும் டயர் சில சமயம் மூன்று வருடம் குடோனில் கிடந்ததாக இருக்கும். செகண்ட் ஹேண்ட் டயரை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள்.

195/55 ஆர்16 போட ஆசை இருந்தால், விட்டம் 620.9, அதுவும் பொருந்தும். ஆனால் பக்கச்சுவர் உயரம் 132 மில்லிமீட்டரிலிருந்து 107-க்கு இறங்குகிறது. சென்னையில் ஒரு மழைக்காலம் முடிந்த சாலைகளில் அந்த உயரத்துக்கு ரிம் வளைவதும் டயரில் கொப்புளம் வருவதும் சகஜம். ஒரு டயர் போனால் 7,000-க்கு மேல். 1,700 ரூபாய்க் கணக்கு இதைத் தாங்காது.

ஹெட்லைட்: குறைந்த செலவில் பெரிய மாற்றம்

இரவில் வெளிச்சம் போதவில்லை என்றதும் எல்லோரும் பல்பைத்தான் மாற்றுகிறார்கள். பெரும்பாலும் குறை பல்பில் இருப்பதில்லை, வயரிங்கில் இருக்கிறது. இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். மல்டிமீட்டரால் பேட்டரி முனைகளில் வோல்டேஜ் பாருங்கள், பிறகு பல்ப் ஹோல்டரில் பாருங்கள். பேட்டரியில் 14.0, ஹோல்டரில் 12.6 என்றால் பத்து சதவீதம் வழியிலேயே போய்விட்டது. ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் குறையும். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தாலே பேட்டரியிலிருந்து பல்புக்கு நேராக மின்சாரம் கொடுக்கும் ரிலே கிட் போடுவது பயன் தரும்.

வேண்டியது: 30 ஆம்பியர் நாலு பின் ரிலே இரண்டு, லோ பீமுக்கு (டிப்) ஒன்று, ஹை பீமுக்கு (பிரைட்) ஒன்று. பேட்டரியிலிருந்து ரிலேவுக்கு இரண்டரை சதுர மில்லிமீட்டர் வயர். ஒவ்வொன்றுக்கும் 15 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸ் ரிலேவுக்குப் பக்கத்தில் இருந்தால், நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது காப்பாற்ற ஒன்றும் இருக்காது. பழைய ஹெட்லைட் கனெக்டர் ரிலேவை இயக்கும் சிக்னலாக 85, 86 பின்களுக்குப் போகும். மின்சாரம் 30-இல் நுழைந்து 87 வழியாக பல்புக்குப் போகும். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய உலோகத்தில் பிடியுங்கள். ரிலேயின் பின்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் மழைத் தண்ணீர் உள்ளே தேங்காது.

ஒரு எச்சரிக்கை. சில வண்டிகளில் ஹெட்லைட் ஸ்விட்ச் பாசிட்டிவ் பக்கம் இல்லாமல் எர்த் பக்கம் இருக்கும். அதைச் சோதிக்காமல் கடையில் கிடைக்கும் கிட்டை மாட்டினால் டிப்பும் பிரைட்டும் ஒன்றாக எரியும், இல்லையென்றால் எதுவுமே எரியாது. மீட்டர் வைத்துப் பார்த்த பிறகு கிட் வாங்குங்கள். ரெடிமேட் கிட் 800 முதல் 1,500. கம்பெனி வயரை எங்கும் வெட்ட வேண்டியதில்லை, கனெக்டரில் செருகினால் போதும்.

பல்ப் அதே 60/55 வாட் எச்4 போதும். 100/90 வாட் பல்ப் பிளாஸ்டிக் ஹோல்டரை உருக்கும், ரிஃப்ளெக்டரின் பூச்சைக் கருக்கும். ஹாலஜனுக்கு வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் எச்ஐடி என்ற வேறு வகை பல்ப் போட்டால் ஒளி சிதறி எதிரே வருபவர் கண்ணைப் பறிக்கும். விளக்கின் கண்ணாடி மஞ்சள் பூத்திருந்தால் 1000, 2000, 3000 நம்பர் உப்புத்தாள்களைத் தண்ணீர் தொட்டு வரிசையாகத் தேய்த்து பாலிஷ் போடுங்கள். முடிவில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அவசியம். அதை விட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சளாகும்.

கதவுக்கு டேம்பிங் ஷீட்

கதவுத் தகட்டின் அதிர்வை அடக்க உள்ளே ஒட்டும் ஷீட் இது, ஒரு சனிக்கிழமை வேலை. ஞாயிறு தொடங்காதீர்கள். ஒரு கிளிப் உடைந்தால் வாங்கக் கடை திறந்திருக்காது, திங்கள் காலை அதே வண்டியில் ஆபீஸ் போக வேண்டும். நாலு கதவுக்கும் சேர்த்து ஒன்றரை சதுர மீட்டர், 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட் போதும், சுமார் 4,000 ரூபாய். கதவின் வெளித்தகட்டை முழுக்க மூட வேண்டியதில்லை. முப்பது நாற்பது சதவீதம் ஒட்டினாலே தகடு அதிர்வது அடங்கிவிடும். மலிவு என்று தார் ஷீட் வாங்கினால் ஏப்ரல், மே வெயிலில் இளகி வாடை வரும், கழன்றும் விழும்.

ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ரோலரால் அழுத்தி, அலுமினிய மேற்பரப்பின் வரிவரியான அச்சு மறையும் வரை உருட்டுங்கள். கண்ணாடி இறங்கும் பாதையில் மடிப்பு நிற்கக் கூடாது. கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், மழைத் தண்ணீர் வடிவதற்கானவை. அவற்றை மூடினால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். கதவு டிரிம்முக்கு உள்ளே ஒட்டியிருக்கும் பாலிதீன் தாளைக் கிழிக்காமல் எடுத்து, மறுபடி அதே இடத்தில் ஒட்டுங்கள். அது இல்லாவிட்டால் ஈரம் கதவு டிரிம்முக்குள் ஏறும். இது முடிந்தால் பழைய ஸ்பீக்கரே தெளிவாகக் கேட்கும். புது ஸ்பீக்கர் வாங்கும் எண்ணம் பலருக்கு இங்கேயே தணிந்துவிடுகிறது.

பிரேக், சஸ்பென்ஷன்

பிரேக் பேட் தேய்ந்ததும் நல்ல பிராண்டில் ஒரு படி மேல் தரத்துக்குப் போனால் வித்தியாசம் ஆயிரம் இரண்டாயிரம்தான். கூடவே பிரேக் ஆயிலையும் மாற்றுங்கள். டாட் 3 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கும், டாட் 4 என்றால் 230. ஈரம் உறிஞ்சிய பிறகு இவை 140-க்கும் 155-க்கும் இறங்கிவிடும். ஏற்காடு கொண்டை ஊசிகளில் இறங்கும்போது பெடல் மெத்தென்று போவதற்கு இரண்டு மூன்று வருடப் பழைய ஆயில் ஒரு முக்கியக் காரணம். சில நூறு ரூபாய் வேலை. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

சஸ்பென்ஷனில் வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்விஃப்ட்டின் 170 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸில் 30 குறைத்து, நாலு பேரை ஏற்றினால் நம் ஊர் வேகத்தடைகளில் அடி தட்டும். பழைய ஷாக் அப்சார்பர் குறைந்த தூரத்துக்குள் வேலை செய்ய வேண்டிவருவதால் அடிக்கடி பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு ரப்பரில் இடித்து சீக்கிரம் ஒழுகும். பிறகு அதற்கும் செலவு, அலைன்மென்டுக்கும் செலவு. எழுபது எண்பதாயிரம் கிலோமீட்டரில் ஷாக் ஒழுகத் தொடங்கும்போது நல்ல ஷாக்குகளும் ஸ்ட்ரட் மவுன்டும் பேரிங்கும் சேர்த்துப் போடுங்கள். லேபர் ஒரே தடவைதான். கிளட்சிலும் இதே கதை: கியர் பாக்ஸ் இறக்கிய அன்றே ரிலீஸ் பேரிங்கை மாற்றி, ஆயில் சீலையும் பார்த்துவிட வேண்டும்.

இன்ஜின் கடைசியில்

1.2 பெட்ரோலில் டர்போ கிடையாது. ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது), ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் எல்லாம் போட்டாலும் கூடுவது சில குதிரைத்திறன்தான், செலவோ ஐம்பதாயிரத்தைத் தொடும். 1.3 டீசலில், 75 பிஎஸ், 190 நியூட்டன் மீட்டர், டர்போ இருப்பதால் ரீமேப் செய்தால் வித்தியாசம் ஓட்டும்போதே தெரியும். ஆனால் அந்தக் கூடுதல் டார்க்கைப் பழைய கிளட்ச் தாங்காது. மூன்றாவது நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. அதனால் கிளட்ச் மாற்றும் பணத்தையும் சேர்த்துவிட்டுத்தான் ரீமேப்புக்குப் போக வேண்டும், முடிந்தால் கிளட்ச் மாற்றும் தருணத்திலேயே. மேலே சொன்ன பெட்ரோல் கணக்கில் மைலேஜ் 16-இலிருந்து 14.5-ஆக இறங்கினால் மாதம் ஆறரை லிட்டர் கூடும். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 7,800 ரூபாய். எந்தப் பாகத்தின் விலையிலும் இது எழுதியிருக்காது.

வேகம்தான் ஆசை என்றால் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் டிராக் இருக்கிறது. நல்ல டயர், புது பிரேக் ஆயில், நல்ல பேட் போதும். இன்ஜினைத் தொடாத ஸ்விஃப்ட்டிலேயே ஓட்டக் கற்றுக்கொள்ள ஏராளம் உண்டு.

அபராதமும் செலவுதான்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை விதியை மீறினால் முதல் தடவையே 10,000 வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்க இடமுண்டு. சைலன்ஸரையும் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் கழற்றுவதற்கு நான் எதிரி. சட்டத்துக்காக மட்டுமல்ல, தெருவில் தூங்கும் குழந்தைகளுக்காகவும். முன்பக்க இரும்பு கார்டு 2017 முதல் தடை, ஏர்பேக் சென்சாரையும் அது குழப்பும். வண்டியின் நிறத்தை மாற்றினால் ஆர்டிஓவில் சொல்லி ஆர்சியில் ஏற்ற வேண்டும்.

இன்ஷூரன்ஸில் எலக்ட்ரிக்கல் ஆக்சஸரிகளுக்கு அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். 40,000 ரூபாய் மியூசிக் சிஸ்டத்துக்கு 1,600, ஜிஎஸ்டி சேர்த்து 1,888. அலாய் போன்றவை வேறு வகை, அவற்றையும் பாலிசியில் மதிப்புடன் எழுதவைக்க வேண்டும். எழுதாத அலாய் விபத்தில் உடைந்தால் அதற்குப் பணம் கேட்க முடியாது. எந்த மாற்றத்தையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சலில் தெரிவித்து, பதிலைச் சேமித்து வையுங்கள்.

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய பாகம் வாங்குவது பணத்தை மிச்சப்படுத்தும். சீட், டிரிம், ஃபாக் லேம்ப், கம்பெனி ஆடியோ, அலாய் எல்லாம் தாராளமாக வாங்கலாம், பில் மட்டும் கேட்டு வாங்குங்கள். பிரேக் பாகங்கள், ஏர்பேக், சீட் பெல்ட் மூன்றும் பழையதில் வேண்டவே வேண்டாம். புது வண்டிகளில் சீட்டின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் இருப்பதால், அந்த இடத்தில் தையல் பிரியும்படி செய்யாத சீட் கவரை மாட்டினால் அது விரிய வழியிருக்காது.

கழற்றிய கம்பெனி பாகம் எதையும், விற்பதற்கென்றே கணக்கில் எழுதியதைத் தவிர, காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஏர் ஃபில்டர் பாக்ஸ், ஹெட்லைட், ஸ்பீக்கர், ஸ்டீரியோ எல்லாவற்றையும் கிளிப்பும் ஸ்குரூவும் சேர்த்து ஜிப் பையில் போட்டு, எந்த இடத்தில் கழற்றியது என்று பேனாவால் எழுதி, கட்டிலுக்கு அடியில் வையுங்கள். வண்டியை விற்கும்போது மாட்டிய பாகத்துக்கு வாங்குபவர் பாதி விலைகூடத் தரமாட்டார். கம்பெனி பாகத்தைத் திரும்ப மாட்டிவிட்டு, மற்றதை அதே மாடல் வண்டி வைத்திருப்பவருக்குத் தனியாக விற்றால் போட்ட பணத்தில் கணிசமான பங்கு அடுத்த வண்டியின் ஆர்டிக்கு முதலாக வரும்.